இண்டியானா கொலம்பஸ்: சோளக்காட்டு நடுவே ஒரு ஃபாக்டரியா, அதற்கு மேலா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கம்பெனி உங்களை இரண்டு வருஷத்துக்கு இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸுக்கு அனுப்புகிறது. இணையத்தில் தேடினால் கட்டடக்கலைக்குப் பேர்போன ஊர், அமெரிக்காவிலேயே ஆறாவது இடம் என்று வருகிறது. அங்கே இருந்துவிட்டு வந்த சீனியரோ, "சோளக்காடு, ஒரு ஃபாக்டரி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் ஈ காக்காய் இருக்காது" என்கிறார். யாரை நம்புவது? இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் இதெல்லாம் எப்படி வந்தது, குழந்தையோடு போய் அங்கே நிம்மதியாக இருக்க முடியுமா என்பதை என்று எனக்குப் படுகிறது. அங்கே பதினொரு வருஷம் எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். கட்டடக்கலை படித்தவன் இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் காட்டியே கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஆகவே டீசல் பற்றிச் சொல்வதைத் தொழில்காரன் பேச்சாகவும், கட்டடம் பற்றிச் சொல்வதை ரசிகன் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸிலிருந்து 65-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே முக்கால் மணி நேரம். வழியெல்லாம் சோளமும் சோயாவும்தான், சீனியர் பொய் சொல்லவில்லை. ட்ரிஃப்ட்வுட், ஃப்ளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், பார்த்தலோமியூ கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகராக 1821-இல் உண்டான ஊர். முதலில் வைத்த பெயர் டிப்டோனா. இங்கே குடிசை போட்டு நிலம் கொடுத்த ஜெனரல் ஜான் டிப்டனின் பெயரால் வந்தது. சில வாரங்களிலேயே அதை மாற்றிக் கொலம்பஸ் ஆக்கிவிட்டார்கள். டிப்டன் கோபித்துக்கொண்டு ஊரை விட்டே போனார் என்றும், பின்னால் நெடுஞ்சாலை அமைக்கும் பொறுப்புக்கு வந்தபோது ரோட்டை இந்த ஊருக்குள் விடாமல் பழிவாங்கினார் என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். பெயர் மாற்றம் வரலாறு, பழிவாங்கிய கதை ஊர்ப்பேச்சு. அடுத்து 1844-இல் ரயில் வந்தது, 1874-இல் இன்றும் நிற்கும் செங்கல் நீதிமன்றம் வந்தது. அதுவரைக்கும் இது மத்திய மேற்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும் ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ஒரு கார் ஓட்டுநர். க்ளெஸ்ஸி கம்மின்ஸ், பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், டபிள்யூ. ஜி. அர்வின் என்ற உள்ளூர் வங்கி முதலாளியின் காரை ஓட்டிப் பராமரித்துக்கொண்டிருந்தார். கை வேலையில் மன்னன். அவருக்கு டீசல் எஞ்சின் பைத்தியம் பிடித்தது, முதலாளி பணம் போட்டார், 1919-இல் கம்மின்ஸ் கம்பெனி தொடங்கியது. முதல் லாபம் எப்போது வந்தது தெரியுமா? 1937-இல். பதினெட்டு வருஷம் அந்தக் குடும்பம் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு எந்த முதலீட்டாளரும் பதினெட்டு மாதம்கூடப் பொறுக்கமாட்டார். நடுவில் கம்மின்ஸ் செய்த வித்தைகள் ரசமானவை. 1930 ஜனவரியில், பழைய பேக்கர்ட் கார் ஒன்றில் டீசல் எஞ்சினைப் பொருத்தி நியூயார்க் வாகனக் கண்காட்சிக்கே ஓட்டிக்கொண்டு போனார். 792 மைலுக்கு எரிபொருள் செலவு 1.38 டாலர். 1931-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அவருடைய டீசல் கார், 500 மைலையும் எரிபொருளுக்காக ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. ஜெயிக்கவில்லை, பதின்மூன்றாவது இடம்தான். ஆனால் லாரிக்காரர்களுக்குத் தேவையான விஷயம் அதில் இருந்தது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மின்வெட்டு நேரத்தில் உறுமும் ஜெனரேட்டரில் இந்த ஓட்டுநரின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். புனேயில் 1962-இலேயே கிர்லோஸ்கரோடு சேர்ந்து கம்பெனி வந்துவிட்டது. கொலம்பஸில் மராத்தி அதிகம் காதில் விழுவதற்குக் காரணம் அதுதான்.

கட்டடக் கதை வேறொருவரிடம் தொடங்குகிறது. ஜே. அர்வின் மில்லர். டபிள்யூ. ஜி. அர்வின் இவருடைய அம்மாவுக்குத் தாய்மாமா. யேலிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், வயலின் வாசிப்பவர், 1934-இல் இருபத்தைந்து வயதில் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கம்பெனியின் பொது மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சமயம் குடும்பம் போய்வந்த தேவாலயத்துக்குப் புதுக் கட்டடம் தேவைப்பட்டது. குடும்பம் நிலம் கொடுத்தது, கட்டிக்கொடுக்க ஃபின்லாந்துக்காரர் எலியேல் சாரினனைப் பிடித்தார்கள். ஹெல்சிங்கி ரயில் நிலையத்தைக் கட்டியவர் அவர். 1942-இல் முடிந்த அந்த 'ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச்', அமெரிக்காவின் முதல் நவீன பாணித் தேவாலயங்களில் ஒன்று. 166 அடி உயரத்தில் நெட்டையாக ஒரு செங்கல் கோபுரம், பக்கத்தில் பெட்டி மாதிரி ஒரு மண்டபம். அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது நான் ஏதோ பள்ளிக்கூடம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை உள்ளே போய், பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் ஜன்னலிலிருந்து வெளிச்சம் சுவரில் வழிவதைப் பார்த்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. சாரினனின் மகன் ஈரோ அந்த வேலையில் கூட இருந்தார். அவரும் மில்லரும் நண்பர்கள் ஆனார்கள். அந்த நட்பு ஊருக்கு 1954-இல் ஒரு வங்கியையும், 1957-இல் மில்லரின் சொந்த வீட்டையும், 1964-இல் வடக்குத் தேவாலயம் என்ற இன்னொரு தேவாலயத்தையும் கொடுத்தது. செயின்ட் லூயியின் அந்தப் பிரம்மாண்ட வளைவை வடிவமைத்த அதே ஈரோதான். வடக்குத் தேவாலயம் முடிவதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் இறந்துபோனார்.

இவ்வளவோடு நின்றிருந்தால், பணக்காரக் குடும்பம் ஒன்றின் ரசனை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஊரையே மாற்றியது 1950-களின் நடுவில் மில்லர் கண்டுபிடித்த ஒரு கணக்கு. உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. போருக்குப் பிறகு பிள்ளைகள் ஏராளமாகப் பிறந்தார்கள், பள்ளிக்கூடங்கள் போதவில்லை, அவசர அவசரமாகக் கட்டியவை பார்க்கச் சகிக்கவில்லை. கம்பெனியோ வளர்ந்துகொண்டிருந்தது. நல்ல பொறியாளர்கள் பெரிய நகரங்களை விட்டுவிட்டு இந்தச் சோளக்காட்டுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் எவன் வருவான்? மில்லர் பள்ளி நிர்வாகத்திடம் போய்ச் சொன்னது சுருக்கமாக இப்படி: நாங்கள் தரும் பட்டியலிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரு வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். கல், சிமென்ட், கூலி எல்லாம் வழக்கம்போல ஊர்ப் பணம். யாரைத் தேர்ந்தெடுப்பது, என்ன கட்டுவது என்பதெல்லாம் ஊர் முடிவு, கம்பெனி அதில் தலையிடாது. அதாவது கட்டடத்தைத் தானம் செய்யவில்லை, வடிவமைப்பை மட்டும் செய்தார்கள். மொத்தச் செலவில் அது சின்னப் பங்கு, ஆனால் கட்டடத்தின் தரத்தை முடிவு செய்வது அந்தப் பங்குதான். கைக்காசைப் போட்டுக் கட்டியதால் ஊருக்கும் அது தன்னுடையதாகவே இருந்தது.

இந்த ஏற்பாட்டில் வந்த முதல் கட்டடம் 1957-இல் ஹேரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப் பள்ளி. ஆளுக்கொரு கூரை போட்டுக்கொண்ட குட்டி வீடுகள் வரிசையாக நிற்கிற மாதிரி வகுப்பறைகள். அது பிடித்துப்போய்த் திட்டம் எல்லாப் பொதுக் கட்டடங்களுக்கும் விரிந்தது. 1968-இல் ராபர்ட் வென்ச்சூரி நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தை வடிவமைத்தார். நடுவில் தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் கோபுரம், அதன்மேல் பூதாகரமாக '4'. அவ்வளவு எளிமையான கட்டடத்தை வைத்து உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் சண்டை போடுகிறார்கள். 1969-இல் ஐ. எம். பெய்யின் நூலகம். பாரிஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைப் பின்னாளில் கட்டியவர் அவர். நூலக வாசலில் 1971-இல் ஹென்றி மூரின் வெண்கல வளைவு வந்தது, சுமார் 20 அடி உயரம். என் மகள் நடை பழகிய காலத்தில் அதற்குக் கீழேதான் ஒளிந்து விளையாடினாள். அஞ்சலகம் கெவின் ரோச், மருத்துவமனை ராபர்ட் ஸ்டெர்ன், ஒரு பள்ளி ரிச்சர்ட் மெயர். நகர நடுவில் எல்லாரும் கூடும் உள்ளரங்கை 1973-இல் வடிவமைத்தவர் சீசர் பெல்லி. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்காரர் என்றால் சட்டென்று புரியும். அந்த அரங்கைப் பின்னால் இடித்து 2011-இல் புதிதாக எடுத்துக் கட்டினார்கள். ஆனால் உள்ளே உருண்டு திரும்பிக் கடகடக்கும் ஜான் டிங்கலியின் இயந்திரச் சிற்பத்தை மட்டும் இருந்த இடத்திலேயே காப்பாற்றினார்கள். சிறைச்சாலைக்குக்கூட நல்ல வடிவமைப்பாளரைத் தேடிய ஊர் இது. உள்ளே போய்ப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை.

அந்த 'ஆறாவது இடம்' பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் 1991-இல் தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்ட பட்டியல் அது. சிகாகோ, நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, பாஸ்டன், வாஷிங்டன், அடுத்தது கொலம்பஸ். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் தாண்டிய கருத்துக் கணிப்பை நேற்று வாங்கிய பதக்கம் மாதிரி எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைவிட நம்பகமான அளவுகோல், ஏழு கட்டடங்களுக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்திருப்பது. அந்தத் தகுதி அமெரிக்காவில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதுவும் இவற்றில் பல கட்டி ஐம்பது வருஷம் ஆவதற்கு முன்பே வாங்கியவை.

இனி உங்கள் சீனியர் பக்கத்து உண்மை. ஒரே கம்பெனியை நம்பிய ஊருக்கு அதற்கான ஆபத்துகள் உண்டு. 1980-களின் இறுதியில் வெளியாட்கள் கம்மின்ஸ் பங்குகளை வாங்கிக் குவித்தபோது ஊரே கலங்கியது என்று என்னோடு வேலை பார்த்த மூத்தவர்கள் சொல்வார்கள். 1989-இல் மில்லர் குடும்பம் 72 மில்லியன் டாலர் கொடுத்து, ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்திடமிருந்த பங்குகளை வாங்கி ஆபத்தைத் தள்ளிப்போட்டது. ஈரோ சாரினனின் கண்ணாடி வங்கி இருக்கிறதே, அந்த வங்கியே 2009 செப்டம்பரில் திவாலானது. கட்டடத்தைக் கம்மின்ஸ் எடுத்துக் கூட்ட அரங்கமாக வைத்துக்கொண்டது. வடக்குத் தேவாலயம் இன்னும் சோகம். அறுகோண வடிவம், நடுவில் வானத்தைக் குத்தும் 192 அடி ஊசிக்கோபுரம். உள்ளே எங்கே உட்கார்ந்தாலும் எல்லாருடைய முகமும் தெரியும்படி கட்டியது. சபையில் ஆள் குறைந்துகொண்டே போய், 2022-இல் கடைசி வழிபாட்டோடு மூடிவிட்டார்கள். பிறகு அது கவுண்டி நூலகத்தின் கைக்கு வந்தது. "கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்" என்பது நம் பழமொழி. கோயில் இருந்து கும்பிட ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லிவைக்கவில்லை. எலியேலின் கோபுரத்திலும் செங்கல் பிளந்து, ஊர் முழுக்கப் பணம் திரட்டிச் செப்பனிட்டார்கள். வடிவமைக்கக் கட்டணம் கொடுக்க ஓர் அறக்கட்டளை இருந்தது. தட்டைக் கூரை ஒழுகினால் அடைக்கவும், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களுக்கு உள்ளே குளிர்காலச் சூட்டைக் காக்கவும் யார் கொடுப்பது என்பதுதான் இன்றைய பிரச்சினை. 2008 ஜூன் 7 அன்று ஹா க்ரீக் என்ற ஓடை பெருகி மருத்துவமனையின் அடித்தளம் முழுகியது. நோயாளிகளை எல்லாம் வெளியேற்றி மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். வீடு பார்க்கும்போது வெள்ள வரைபடத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்பெனியைப் பற்றியும் வெறும் புகழ் பாட எனக்கு மனமில்லை. பிக்கப் லாரி எஞ்சின்களில் மாசுச் சோதனையை ஏமாற்றும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன என்ற அரசின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, 2023 இறுதியில் கம்மின்ஸ் 1.675 பில்லியன் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. காற்றுத் தூய்மைச் சட்டத்தின் கீழ் இவ்வளவு பெரிய சிவில் அபராதம் அதற்கு முன் விதிக்கப்பட்டதில்லை. கம்பெனி தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கு அந்தச் செய்தி சுருக்கென்று தைத்தது.

மனிதர்கள் எப்படி என்று கேட்டீர்கள். 1920-களில் இண்டியானா அரசியலையே வெள்ளை இனவெறி அமைப்பான க்ளான் ஆட்டிவைத்தது. பக்கத்துச் செய்மூர் ஊரில், ஃப்ரீமன் விமானத் தளத்தில், 1945-இல் தங்களை அனுமதிக்காத அதிகாரிகள் மன்றத்துக்குள் நுழைந்ததற்காகவும், அந்தப் பிரிவினை விதியை ஏற்றுக் கையெழுத்திட மறுத்ததற்காகவும் கறுப்பின விமானப்படை அதிகாரிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். இந்த மண்ணின் பின்னணி அது. அதே மண்ணில் மில்லர் அமெரிக்கத் தேவாலயங்களின் தேசிய மன்றத்துக்கு முதல் பாதிரியல்லாத தலைவராகி, 1960-களின் சமவுரிமைப் போராட்டத்துக்கு வெளிப்படையாகத் துணை நின்றார். அமெரிக்க அதிபராக வேண்டியவர் இவர்தான் என்று 1967-இல் ஒரு பெரிய பத்திரிகை அட்டையிலேயே போட்டது. துணை அதிபராக இருந்த மைக் பென்ஸும் இதே ஊரில் பிறந்தவர்தான். ஊரின் அரசியல் அகலம் எவ்வளவு என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும். என் அனுபவத்தில் பழைய குடும்பங்கள் மரியாதையானவர்கள், ஆனால் வீட்டுக்குள் கூப்பிட ஒரு வருஷம் எடுத்துக்கொள்வார்கள். ஜப்பான், சீனா, மெக்சிகோ, இந்தியா என்று பலதரப்பட்ட பிள்ளைகள் உங்கள் குழந்தையின் வகுப்பில் இருப்பார்கள். அந்த வகையில் இந்த அளவு ஊர்களில் இது விதிவிலக்கு. தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, பொங்கலுக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். கோயிலுக்கு இண்டியானாபொலிஸ்தான் போக வேண்டும். நான் இருந்த காலத்து நிலவரம் இது. வாடகை, பள்ளிச் சேர்க்கையெல்லாம் இப்போது அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

சலிப்பு உண்மைதான். சனிக்கிழமை ராத்திரிக்கு வழி தேடினால் இண்டியானாபொலிஸ் அல்லது லூயிவில். ஆனால் வாஷிங்டன் தெருவில் 1900-இல் கிரேக்கச் சகோதரர்கள் தொடங்கிய ஸகராக்கோஸ் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. 1904 செயின்ட் லூயி உலகக் கண்காட்சியிலிருந்து வாங்கிவந்த சலவைக்கல் சோடா மேடையும், தானே வாசித்துக்கொள்ளும் பழைய இசைப்பெட்டியும் அங்கே உண்டு. மில் ரேஸ் பூங்காவுக்குப் போனால் ஆறுகள் கூடும் இடம் தெரியும். அக்டோபரில் போய்ப் பாருங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், முதல் வாரமே அதில் ஏறிவிடுங்கள். மில்லர் வீட்டைப் பார்க்க முன்பதிவு அவசியம். வரவேற்பறைத் தரையைப் பள்ளமாக இறக்கி, உள்ளே கலர் கலராக மெத்தைகள் போட்டிருக்கும் இடத்தில் உங்கள் குழந்தை குதிக்கப் பார்க்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஊர் விமான நிலையத்தில் பயணிகள் விமானம் கிடையாது, இண்டியானாபொலிஸில்தான் இறங்க வேண்டும். டிக்கெட் போடும் தளத்தில் 'கொலம்பஸ்' என்று தட்டினால் முதலில் வருவது ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ். நான் அதைத்தான் அமுக்கினேன். ஜனவரி மாதம், இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், கிட்டத்தட்ட 200 மைல் வாடகைக் கார்.